கை சும்மா இருக்கறவ

அந்தா, துண்டச் சரி பண்ணி விடுறா பாரு, ரெண்டு கையாலயும் பண்றா, ஒரு துண்ட மடிச்சு விட ஒரு கை பத்தாதாக்கும். மேடையில என் தம்பி செழியன் மாப்பிள்ளைக் கோலத்துல உக்காந்திருக்கான், ஓமப் புகை ஏறிக் கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, அவன் பக்கத்துல குனிஞ்சு நிக்கிறவ என் தங்கச்சி நிலா, எங்க வீட்டுக் கடைக்குட்டி. நான் கீழ முன்வரிசையில, ஃபேன் காத்து வந்து சேராத சேர்ல, மடியில நகைப் பையோட. இப்ப அவன் நெத்தி வேர்வைய ஒத்தி எடுக்குறா. கர்சீப் எங்க இருந்து வந்துச்சு? அந்தப் பையில இருந்துதான். பையாம் பை. ரெண்டு உள்ளங்கையச் சேத்து வச்சா எம்புட்டு இருக்குமோ அம்புட்டுத்தான், மெரூன் கலர், மேல ஜரிகை வேல, பொடிசா ஒரு செயின், அது இடது தோள்ல முந்தானைக்கு அடியில நுழைஞ்சு குறுக்க இறங்கி வலது இடுப்புல வந்து உக்காந்துக்கிருது. பட்டுப் புடவைக்கு மேல பையக் குறுக்க மாட்டிக்கிட்டு எவளாச்சும் கல்யாணத்துக்கு வருவாளா? பஸ் கண்டக்டர்தான் அப்பிடி மாட்டுவாரு. காலையில ரூம்ல சொல்லிட்டேன், என்னடி கண்டக்டரம்மா, வத்தலகுண்டுக்கு ஒரு டிக்கெட் குடுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா, கோவமே வரல அவளுக்கு, ரெண்டு கையையும் விரிச்சு, பாருக்கா, கை ரெண்டும் ஃப்ரீ அப்பிடின்னா. சிரிச்சவளுக சிரிச்சு முடிச்சுட்டு என்ன பண்ணாளுக? எங்கடி வாங்குன, பெங்களூருலயா, புடவைக்கு ஏத்த கலர்ல கெடைக்குமா, எனக்கொண்ணு வாங்கி அனுப்புறியான்னு அவளச் சுத்தி மொச்சுக்கிட்டாளுக. நான் பண்ண நக்கலு எனக்கே வந்து சேந்துச்சு. பாக்க நல்லாத்தான் இருக்கு, அதத்தான் தாங்க முடியல. நல்லா இல்லாம இருந்தா விட்டுத் தொலைச்சிருப்பேன். இடுப்புல அது ஒரு நகை மாதிரி உக்காந்திருக்கு, நடக்கையில லேசா ஆடுது, குனிஞ்சா முன்னாடி வந்து விழுகாம அவ கை தன்னால போய் ஒரு தட்டுத் தட்டிப் பின்னாடி தள்ளிவிட்டுருது, அம்புட்டுத்தான் அந்தப் பைக்கு அவ குடுக்குற மரியாத. நான் என் பைக்கு என்னத்தையெல்லாம் குடுத்திருக்கேன்.

இன்னும் கொஞ்ச நேரந்தான். பொண்ணு தர்ஷினி கூறைப்புடவை கட்டப் போயிருக்கு, வந்து உக்காந்ததும் தாலி. மொத முடிச்சு அவன் போடுவான், பாக்கி ரெண்டும் நாத்தனார் முடிச்சு, மாப்பிள்ளை கூடப் பொறந்தவ பொண்ணுக்குப் பின்னாடி நின்னு போடணும். எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவனுக்கு நடக்கறது ஒரே கல்யாணம். இன்னைக்குப் போடலைன்னா எந்தச் சென்மத்துல போடப் போறேன்? மூத்தவ நானு, நான்தான் போடுவேன், அதுல பேச்சே கெடையாதுன்னு இருந்தேன், நேத்துச் சாயங்காலம் வரைக்கும். ரிசப்ஷனுக்குத் தல சீவிக்கிட்டு இருக்கையில பாண்டியம்மா அத்தைதான் ஆரம்பிச்சுச்சு, எங்க அப்பா கூடப் பொறந்த அத்தை, அதுக்கு வாய் சும்மா இருக்காது. ஏன் மதினி, நாளைக்கு முடிச்சு யாரு போடுறா, பெரியவளா சின்னவளா? அம்மா வாயில கொண்டை ஊசியக் கடிச்சுக்கிட்டே பதில் சொல்லுது: ரெண்டு பேர்ல யாரு கை சும்மா இருக்கோ அவ போட்டுட்டுப் போறா. போட்டுட்டுப் போறாளாம். பால் பொங்குது, யாராச்சும் போய் அடுப்ப அமத்துங்கன்னு சொல்ற மாதிரி. இதென்ன கேள்வி, எங்க அரசிதான் போடுவான்னு சொல்லியிருந்தா வாயில இருந்த ஊசி விழுந்திருக்குமா? அம்மாவுக்கு மனசுல ஒண்ணுமில்ல, அது எனக்கும் தெரியும். மனசுல ஒண்ணுமில்லாமச் சொன்னதுதான் எனக்குக் கொதிக்குது. ஏதாச்சும் வஞ்சம் வச்சுச் சொல்லியிருந்தாச் சண்ட போட்டிருக்கலாம். கை சும்மா இருக்கறவ. அந்த ரூம்ல அப்ப யாரு கை சும்மா இருந்துச்சு? நான் ஒரு கையில அம்மா முடியப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில பையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவ கண்ணாடி முன்னாடி நின்னு காதுக்குத் தோடு மாட்டுறா, ரெண்டு கையாலயும், பை பாட்டுக்கு இடுப்புல கெடக்கு. இவன் பொறந்தப்ப எனக்கு ஒம்பது வயசு, அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியாமப் போயி, இந்த மாப்பிள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டுத் தெருவெல்லாம் அலைஞ்சவ நானு, கூடப் படிச்சவளுக பாண்டி ஆடுறதப் பாத்துக்கிட்டே நிப்பேன். அப்பயும் கை சும்மா இல்ல. நிலா பொறக்கவே அதுக்கப்பறம் மூணு வருசம் ஆச்சு. எறக்கி விட்டா அழுவான், அதனால எறக்க மாட்டேன். அந்தக் கழுத்துக்குப் பக்கத்துல இன்னைக்கு யாரு கை போகணும்?

பைய மடியில இழுத்து வச்சுக்கிட்டேன். வாரு மணிக்கட்டுல ரெண்டு சுத்துச் சுத்தியிருக்கு, அந்த எடத்துல ரத்தம் கட்டுன மாதிரி செவப்பா ஒரு கோடு, வளையலுக்கு மேல இன்னொரு வளையல். பிரவுன் கலர் ரெக்சின் பை, என் கல்யாணத்துக்கு வாங்குனது, ஜிப்பு ரெண்டு தடவ மாத்தியாச்சு. எங்க சொந்தத்துல எந்தக் கல்யாணம்னாலும் நகைப் பை என் கைக்குத்தான் வரும். பதினாலு வயசுல, சித்தப்பா கல்யாணத்துல மொத மொதல்ல குடுத்தாங்க, இவ பொறுப்பான பொண்ணு, இவ மடியில இருந்தாப் பெட்டகத்துல இருந்த மாதிரின்னு. ஆஹா, எம்புட்டுப் பெருமை எனக்கு. பாவாடை தாவணியில நெளிஞ்சுக்கிட்டே ஒரு மூலையில உக்காந்திருந்தேன், பந்திக்குக் கூப்பிட்டாங்க, போகல, ஒண்ணுக்கு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அதுல இருந்து இதுதான். பை பிடிக்கிறவ மொதப் பந்தியில உக்கார முடியாது, எலையில ஒரு கண்ணும் மடியில ஒரு கண்ணுமாச் சாப்பாடு எறங்குமா? மேளம் பக்கத்துல போக முடியாது, கூட்டத்துல எவன் எப்பிடி இருப்பானோ. பொண்ணு அழைப்புல ஆட முடியாது. கொழந்தையத் தூக்க முடியாது. எந்த ஆல்பத்தப் புரட்டுனாலும் நான் இருப்பேன், ஓரத்துல, பாதி ஒடம்பு வெட்டுப்பட்டு, மடியில பையோட, எதையோ பாத்து மொறைச்சுக்கிட்டு. போட்டோக்காரங்க எல்லாரும் ஒரே பாட்டு, அக்கா, அந்தப் பைய மட்டும் கொஞ்சம் கீழ எறக்குங்க. எறக்குவேனா? நிலா கல்யாணத்துல கெட்டிமேளம் கொட்டையில நான் மாடி ரூம்ல, பொண்ணு ரூம்ல நகை இருக்கு, யாராச்சும் ஒருத்தர் இருக்கணும்னு அம்மா சொல்லுச்சு, யாராச்சும்னா யாரு, கதவச் சாத்திக்கிட்டுச் சத்தத்த மட்டும் கேட்டேன். என் கூடப் பொறந்தவ கழுத்துல தாலி ஏறுனத நான் பாக்கல. அவளுக்கு இது தெரியுமான்னு கூடத் தெரியல. கேட்டதும் இல்ல, சொன்னதும் இல்ல.

இப்ப நிமிந்துட்டா. யாரோ ஒருத்தி கைக்கொழந்தைய நீட்டுறா, இவ வாங்கிக்கிட்டா, பாருங்க, பெத்தவளே பாரம்னு நீட்டுறத இவ சிரிச்ச மொகமா வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டா, அது அவ செயினப் பிடிச்சுச் சப்புது. இழுடா கண்ணா, நல்லா இழு, அந்து விழுகட்டும். சீ, என்ன நெனப்பு இது, காலங்காத்தால, அதுவும் முகூர்த்த நேரத்துல. ஆனா நெசமா அந்து விழுந்துச்சுன்னா எப்பிடி இருக்கும்? எல்லார் முன்னாடியும் அவ குனிஞ்சு பொறுக்கணும், லிப்ஸ்டிக்கு ஒரு பக்கம், போன் ஒரு பக்கம், அப்பத் தெரியும் கண்டக்டரம்மாவுக்கு. எனக்கு மட்டும் ஆச இல்லையா? இருந்துச்சு. போன ஆடியில மதுரையில ஒரு கடையில நானும் ஒண்ணு மாட்டிப் பாத்தேன், இது யாருக்கும் தெரியாது, என் வீட்டுக்காரருக்குக் கூடச் சொல்லல. பச்சைக் கலர், பாக்குக் கலர்ல வாரு. மாட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னா, வாரு நெஞ்சுக்கு நடுவுல போய் அமுங்கி ஒடம்ப ரெண்டாப் பிரிச்சுக் காட்டுது, பை போய் இடுப்புச் சதை மேல ஏறி உக்காந்துக்கிருச்சு. கடைப் பொண்ணு, ஆன்ட்டி, வார இன்னும் நீட்டி விடவான்னு கேக்குது. நிலாவுக்கு அது அக்கான்னு சொல்லியிருக்கும். ஆனா அது இல்ல விசயம். கண்ணாடியில என் கை ரெண்டும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அத எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. மடக்கிப் பாத்தேன், கோத்துப் பாத்தேன், பின்னாடி கட்டிப் பாத்தேன், வாத்தியார் வந்துட்ட மாதிரி இருந்துச்சு. அப்பறம் சும்மா வீசிப் பாத்தேன், ரெண்டே எட்டு, கடைக்குள்ளயே. ஐயோ, எம்புட்டு லேசா இருந்துச்சு! அந்த லேசுதான் பயமாப் போச்சு. இவருக்குக் கேஸ் மாத்திரை, மக இனியாவுக்கு இன்ஹேலர், அம்மாவோட கண்ணாடி, தண்ணி பாட்டிலு, கொடை, பாலித்தீன் கவரு, பஸ்ஸுல வாந்தி வந்தா எலுமிச்சம்பழம், இதெல்லாம் எதுல போடுவேன்? என் கை சும்மா இருக்கணும்னா இத்தன பேரும் அவங்கவங்க சாமான அவங்கவங்க தூக்கணும். நடக்குற கதையா? நல்லா இல்லம்மான்னு சொல்லிக் கழட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன். அவளுக்கு இருக்கறது ஒரு போனு, ஒரு கர்சீப்பு, நாலு சேஃப்டி பின்னு. அவ புருசன் பைய அவன் தூக்குறான், அவன் மாத்திரைய அவன் முழுங்குறான். சின்னப் பை வச்சுக்கிறதுக்கும் ஒரு குடுப்பினை வேணும்.

இந்தத் தடவ ஒண்ணு நடந்துச்சு, அதச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. தாலிய அம்மா அவகிட்டக் குடுத்துருச்சு. நகையெல்லாம் எங்கிட்ட, தாலி மட்டும் அவகிட்ட. காலையில வீட்டுல இருந்து வேன் கெளம்புறப்ப, நான் வழக்கம்போலக் கைய நீட்டிக்கிட்டு நிக்கிறேன், அம்மா என்னத் தாண்டிப் போய் அந்தச் செவப்புப் பட்டுப் பொட்டலத்த அவ இடுப்புப் பையில வச்சு ஜிப்ப இழுத்து விடுது. நீ குறுக்க மாட்டியிருக்க, ஒடம்போட ஒட்டிக் கெடக்கும், எங்கயும் வச்சுட்டு மறக்க முடியாதுல்ல. மறக்க முடியாதா? நான் என்னைக்கு மறந்தேன்? இத்தன வருசத்துல ஒரு கொலுசுத் திருகாணி காணாமப் போயிருக்கா? வேன்ல அவளுக்குப் பக்கத்துச் சீட்டுதான் எனக்கு, வழி நெடுக அவ இடுப்பையே பாத்துக்கிட்டு வந்தேன். அவ அதத் தொட்டுக்கூடப் பாக்கல, இனியாவோட சேந்து பாட்டுப் பாடிக்கிட்டு வர்றா, என் மகளோட. மண்டபம் வந்ததும் பொட்டலத்த எடுத்து ஐயர்கிட்டக் குடுத்தா, முடிஞ்சுச்சு. எங்கிட்ட இருந்திருந்தா அதத் தொட்டுத் தொட்டுப் பாத்தே எனக்கு ஒரு நாள் போயிருக்கும். இனியா எறங்கையில ஒரு கையில சித்தி கையப் பிடிச்சுக்கிட்டா. பதினஞ்சு வயசுப் பொண்ணு, எங்கிட்ட அவ கையக் குடுத்து எத்தன வருசமாச்சுன்னு யோசிச்சேன். நான் எங்க இருந்து கையக் குடுக்க, எனக்குப் பை இருக்கு, சின்ன வயசுலயும் அவளுக்கு என் முந்தானை நுனியத்தான் குடுப்பேன், பிடிச்சுக்கடி, விட்றாதன்னு. அவ விட்டுட்டா. அது யாரு தப்பு? மண்டபத்துக்குள்ள வந்ததும் சித்தி பைய வாங்கி மாட்டிப் பாத்துக்கிட்டு, அம்மா, எனக்கும் இதே மாதிரி வாங்கித் தாம்மான்னு வந்து நின்னா, சித்தி மாதிரியே இருக்கேனான்னு கேட்டா. இருக்கடி. அப்பிடியே இருக்க. போ.

பொண்ணு வந்துருச்சு. கூறைப்புடவையில தர்ஷினி நல்லா இருக்கு, சின்ன மொகம், நாங்க போட்ட ஆரமும் நெக்லஸும் கழுத்துல கெடக்கு, வளையல் கையில. நகை ஒண்ணு ஒண்ணா நான்தான் எடுத்துக் குடுத்தேன், பொண்ணு ரூம்ல, அந்தப் பொண்ணோட அம்மா வாங்கி வாங்கி மாட்டுனாங்க. அப்ப இந்தப் பையில இப்ப என்ன இருக்கு? காலி டப்பா. செவப்பு வெல்வெட்டு டப்பா அஞ்சாறு, உள்ள நகை பதிஞ்ச பள்ளம். இத எவன் திருடிட்டுப் போவான்? திருடுனாலும் திட்டிட்டுப் போவான். கீழ வச்சுட்டு எந்திரிச்சு மேல போயேண்டி அரசி, யாரு உன்னப் பிடிச்சு வச்சிருக்கா? வச்சுப் பாரேன். சேர்ல வச்சுட்டு நடந்து பாரேன். முடியல. பத்து வெரலும் அதுக்குன்னே வளந்த மாதிரி மடங்கிக் கெடக்கு. அதுவும் இல்லாம, நானாப் போய் நின்னா என்ன மரியாத? வந்துட்டா பாரு ஓடி, முடிச்சுப் போடக் காத்துக்கிட்டு இருந்தான்னு அத்தை சொல்லும். யாராச்சும் கூப்பிடணும். அம்மா ஒரு பார்வை பாத்தாப் போதும். அம்மா பாக்கல, அது சம்பந்தியம்மாகிட்டப் பேசிக்கிட்டு நிக்குது. இவன் பாக்கணும், மாப்பிள்ளை, என் இடுப்புல உக்காந்து தோள்ல மண்டைய இடிச்சுக்கிட்டுத் தூங்குனியேடா, ஒரு தடவ திரும்பிப் பாரேன்டா. அவன் தலையத் திருப்ப விடாம மாலை அமுக்குது. தாலித் தட்டு எறங்கி வருது, தேங்கா மேல தாலி, சுத்தி மஞ்சள் அரிசி, பெரியவங்க எல்லாரும் தொட்டுக் கும்பிடுறாங்க. எங்கிட்ட வந்தப்ப நான் வலது கைய நீட்டுனேன், பை ஆடி முன்னாடி வந்து தட்டுல இடிச்சுருச்சு, தட்டு பிடிச்சிருந்த பையன் பாத்துக்கான்னான். பக்கத்துச் சீட்டுப் பொம்பளை உச்சுக் கொட்டுச்சு. மஞ்சள் அரிசி நாலு பூவோட உள்ளங்கையில திணிச்சாங்க. இடது கையில பை, வலது கையில அரிசி. இப்ப நான் முழுசாக் கட்டிப் போட்ட மாதிரி உக்காந்திருக்கேன். அவளப் பாக்கவே கூடாதுன்னு இருந்தேன், கண்ணு போகுது. கொழந்தையப் பெத்தவகிட்டக் குடுத்துட்டா. முந்தானைய இடுப்புல சொருகுறா. பைய ஒரு தட்டுத் தட்டிப் பின்னாடி தள்ளுறா. தயாராகுறா. முடிஞ்சுச்சு. ரெண்டு கையும் சும்மா இருக்கு, அவதான் போடப் போறா. நாளைக்கு ஆல்பம் வரும், அதுல முழுப் பக்கத்துக்கு அவ வெரலு. எனக்கு வயிறு எரியுது. வேற நல்ல வார்த்தை தேடிப் பாத்தேன், இல்ல, இதுதான். என் தங்கச்சியப் பாத்து எனக்கு வயிறு எரியுது.

ஆனா அவ பொண்ணுகிட்டப் போகல. படியெறங்குறா. ஐயர் நாதஸ்வரக்காரருக்குச் சைகை காட்டுறாரு, எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க, அந்தக் கூட்டத்துக்குள்ள குனிஞ்சு நுழைஞ்சு எனக்கு நேரா வர்றா. வந்து ரெண்டு கையையும் நீட்டுறா. அக்கா, பையக் குடு. என்னதுன்னேன். பையக் குடுக்கா, நான் பாத்துக்கிறேன், நீ மேல போ, முடிச்சு நீதான் போடணும், போ சீக்கிரம். இதத்தான் நேத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருந்தேன், எல்லாச் சாமிகிட்டயும். இதே வார்த்தை. யாராச்சும் வந்து பையக் குடு, நீ போன்னு சொல்லணும்னு. அப்ப என் வாய் சொல்லுது: வேணாம் வேணாம், நானே வச்சுக்கிறேன், நீ போய்ப் போடு. நான் சொல்லல, வாய் சொல்லுச்சு. இருபத்தெட்டு வருசமா யாரு பையக் குடுன்னு கேட்டாலும் சொல்ற வார்த்தை, அது பாட்டுக்கு வந்து விழுந்துருச்சு. விழுந்தா என்ன, நம்ம ஊர்ல ஒரு தடவ வேணாம்னு சொன்னா அது வேணாமா? எந்த வீட்டுலயாச்சும் காப்பி குடிக்கிறீங்களான்னா உடனே சரின்னா சொல்றோம்? வேணாம்னுதான் சொல்லுவோம், அவங்க அட சும்மா குடிங்கம்பாங்க, இருக்கட்டும்மா எதுக்கும்போம், அவங்க டம்ளரக் கையில வச்சு அமுக்குவாங்க, அப்பறந்தான் குடிப்போம். மூத்தவ எடுத்த எடுப்புலயே பையத் தூக்கிக் குடுத்துட்டு ஓட முடியுமா? அவ இப்ப என் கையப் பிடிச்சு இழுப்பா, அட சும்மா குடுக்காம்பா, நான் பிகு பண்ணிக்கிட்டே குடுப்பேன். இழுடி. இன்னொரு தடவ கேளுடி. அவ என் மொகத்தப் பாத்தா. நெசமாவான்னு கேக்குற மாதிரி ஒரு பார்வை. நானும் பாத்துக்கிட்டு நின்னேன், மொகத்த எப்பிடி வச்சிருந்தேன்னு தெரியல, வழக்கம்போல மொறைச்சுக்கிட்டுத்தான் நின்னிருப்பேன். சரிக்கா, உனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடின்னா. திரும்பிட்டா. நிலா, அப்பிடின்னு கூப்பிட வாயத் தொறந்தேன்.

கெட்டிமேளம். அவன் குனிஞ்சு தாலியக் கழுத்துல கொண்டு போறான், மொத முடிச்சு, நடுவுல நிமிந்து அக்கா எங்கன்னு கேக்குறான், உதடு அசையுறது எனக்குத் தெரியுது, நிலாவ நிலான்னுதான் கூப்பிடுவான், அக்கான்னா நான் மட்டுந்தான். நான் இங்க இருக்கேன்டா. பையத் தூக்கிக் காட்டுறேன், எனக்கே தெரியாம, இந்தா பாரு என் கை இப்பிடி இருக்குன்னு. அரிசியும் பூவும் எல்லாப் பக்கமும் பறக்குது. நிலா ஓடி ஏறிப் பொண்ணுக்குப் பின்னாடி மண்டி போட்டுட்டா, சடைய ஒதுக்கி விட்டுட்டு மஞ்சக் கயித்தப் பிடிக்கிறா, ஒரு முடிச்சு, ரெண்டாவது முடிச்சு, நிதானமா, இறுக்கமா, எப்பிடிப் போடணுமோ அப்பிடிப் போடுறா, ஒரு கொறை சொல்ல முடியாது. என் அரிசி கையிலயே இருந்துச்சு, வேர்வையில ஒட்டிக்கிட்டு. பின்னாடி அம்மா குரலு, சம்பந்தியம்மாகிட்டச் சொல்லுது, எங்க பெரியவளப் பாத்தீங்களா, தம்பி தாலி கட்டுறப்பக் கூடப் பைய விடல பாருங்க, அவ்வளவு பொறுப்பு. அந்தம்மா, ஆமாமா, இப்பிடி ஒருத்தி வீட்டுக்கு வேணும்னாங்க. இந்தப் பாராட்டுக்காகத்தான் பதினாலு வயசுல இருந்து ஒண்ணுக்குக் கூடப் போகாம உக்காந்திருந்தேன். இன்னைக்கு அதக் கேட்டு எனக்கு ஓன்னு அழணும் போல வந்துச்சு.

கூட்டம் மேடைக்கு ஏறுது, நான் அப்பிடியே நிக்கிறேன். நிலாதான் எறங்கி வந்தா, வெரல் நுனியெல்லாம் மஞ்சளு. ஏங்க்கா வேணாம்னுட்ட, அண்ணன் உன்னத்தான் தேடுனான் தெரியுமா, நீ போடுவன்னு நேத்தே எங்கிட்டச் சொல்லிட்டான். நான் அவ இடுப்பப் பாத்தேன், அந்தக் குட்டிப் பையப் பாத்தேன், அப்பறம் அவ மொகத்தப் பாத்தேன். இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்லடி, கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்டின்னேன். சத்தமாத்தான் சொன்னேன் போல, ரெண்டு மூணு பேரு திரும்பிப் பாத்தாங்க, அத்தையும் பாத்துச்சு, பாக்கட்டும். அவளுக்கு ஒண்ணும் புரியல, அப்பறம் புரிஞ்சுச்சு, கண்ணு நெறஞ்சுக்கிட்டு வந்துச்சு அவளுக்கு. அதப் பாத்தப்பவும் எனக்குப் பாவமா இல்ல, அந்த மஞ்ச வெரலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், அது என்னுது. அவ ரெண்டு கையையும் நீட்டுனா. குடுக்கா, அப்பிடின்னா. நான் வார இறுக்கிப் பிடிச்சேன். குடுக்கா, இப்பக் குடு. மணிக்கட்டுல இருந்த சுத்தப் பிரிச்சுப் பையக் குடுத்துட்டேன். மேடையில இருந்து போட்டோக்காரரு மைக்க வாங்கி, மாப்பிள்ளையோட அக்கா வாங்க, அக்கா மேல வாங்கன்னு கூப்பிடுறாரு. என் கை ரெண்டும் சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு, படியேற ஆரம்பிச்சேன்.